"புரோக்கர் வேண்டாம்"னு போட்ட வீட்டைக் காட்டினா கமிஷனுக்கு என்ன பாதுகாப்பு?

கெடிலக்கரை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். கடலூர்ல மூணு வருஷமா வீடு, மனை தரகு பாக்குறேன். ஆபீஸ் எல்லாம் கிடையாது, செம்மண்டலத்துல ஒரு டீக்கடை பெஞ்சுதான். நடந்ததைச் சொல்றேன், தப்பு எங்கன்னு பாருங்க.

கூத்தப்பாக்கம் பக்கம் ஒரு தனி வீடு. 1,200 சதுர அடி மனை, கீழ ரெண்டு பெட்ரூம், மாடியில ஒரு ரூம். ஓனர் நெட்ல விளம்பரம் போட்டிருந்தாரு. 62 லட்சம், "நேரடி விற்பனை, புரோக்கர்கள் போன் செய்ய வேண்டாம்". என்கிட்ட அதே மாதிரி வீடு தேடுற பார்ட்டி இருந்தாங்க. நெய்வேலியில வேலை பாத்து ரிட்டயர் ஆன சாரும் அவர் வீட்டம்மாவும். நான் ஓனருக்குப் போன் போட்டேன். "பார்ட்டி இருந்தா கூட்டிட்டு வா, ஆனா என்கிட்ட பைசா கேக்கக் கூடாது"ன்னாரு. சரின்னுட்டேன். பார்ட்டிகிட்ட வாங்கிக்கலாம்னு நினைப்பு. ஆனா பார்ட்டிகிட்ட கமிஷன்னு ஒரு வார்த்தை பேசல. முதல் நாளே காசு பேசினா நழுவிடுவாங்களோன்னு பயம்.

ரெண்டு தடவை காட்டினேன். ரெண்டாவது தடவை ஆட்டோ என் காசு. அந்தம்மா கொல்லை வரைக்கும் போய்ப் பாத்துட்டு, "ஈசானிய மூலையில கக்கூஸ் இருக்கு, சரிப்படாது"ன்னுட்டாங்க. விட்டுட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு அந்தத் தெரு வழியா போறேன், வாசல்ல மாவிலைத் தோரணம். பால் காய்ச்சுறாங்க. அதே சார், அதே அம்மா. என்னைப் பாத்துட்டு, "வாங்க தம்பி, காபி சாப்பிட்டுப் போங்க"ன்னாங்க. குடிச்சுட்டுத்தான் வந்தேன், வேற என்ன பண்றது.

அப்புறம் வில்லங்கம் போட்டுப் பாத்தேன். நான் ரெண்டாவது தடவை காட்டின பதினெட்டாம் நாள் கிரய ஒப்பந்தம் பதிவாகியிருக்கு. பத்திரம் 38 லட்சத்துக்கு. நிஜமா என்ன விலை பேசினாங்களோ, 60ன்னு வச்சாலும் ஒரு பர்சென்ட் 60 ஆயிரம். ஓனர் முதல்லயே தர மாட்டேன்னுட்டாரு. பார்ட்டிகிட்ட நான் பேசவே இல்ல. இப்ப யார்கிட்ட போய் நிக்கறது?

சவுக்குத்தோப்பு

தம்பி, நான் புதுச்சேரி தவளக்குப்பம். பெண்ணை ஆத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருபத்தேழு வருஷமா இதே பொழப்புதான். உன் கதையை இதுக்கு முன்னாடி நூறு பேர் வாயால கேட்டிருக்கேன், அதுல ரெண்டு என்னோடது.

ஓனர் "புரோக்கர் வேண்டாம்"னு போட்டா, "என் பையிலேருந்து தர மாட்டேன்"னு அர்த்தம். பார்ட்டி வந்தா கதவைச் சாத்தப் போறதில்ல. அவரு உன்கிட்ட நேர்மையாத்தான் பேசியிருக்காரு. அவரைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. நீ அந்த நிமிஷமே பார்ட்டியோட ஆளா ஆயிட்ட. ஆனது உனக்குத் தெரியும், பார்ட்டிக்குத் தெரியாது. அவங்க கணக்குல நீ ஓனர் அனுப்பின ஆளு, உனக்கு ஓனர் தருவாருன்னு நினைச்சிருப்பாங்க. நெய்வேலி டவுன்ஷிப்ல கம்பெனி குவார்ட்டர்ஸ்லயே முப்பது வருஷம் இருந்துட்டு வந்தவங்களுக்குத் தரகு வழக்கம் எங்கேருந்து தெரியும்?

நான் ஒரு நீள நோட்டு வச்சிருக்கேன். பேரு "பார்வை நோட்டு". கேட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு வரி எழுதுவேன். தேதி, பார்ட்டி பேரு, எந்த வீடு, "இந்த வீட்டை இவர் மூலமாகத்தான் முதலில் பார்க்கிறேன், நானோ என் குடும்பத்தாரோ வாங்கினால் தரகு இவ்வளவு". கீழ கையெழுத்து. பத்துல ஒருத்தர் முகம் சுளிப்பாங்க. சுளிக்கிறவங்க எப்படியும் தரப் போறதில்ல, ஆட்டோ காசு மிச்சம்.

"குடும்பத்தாரோ"ங்கறதை விட்டுடாத. நான் ஒருத்தருக்கு வீட்டைக் காட்டினேன், பத்திரம் மச்சான் பேர்ல வந்துச்சு. "நான் எங்கண்ணே வாங்கினேன்?"ன்னு கேட்டாரு. அந்த வார்த்தையை அன்னிக்கு ராத்திரியே நோட்டுல சேத்துட்டேன்.

லாஸ்பேட்டை வீட்டம்மா

இரண்டு பேரும் ஓனரை ஏதோ சாமி மாதிரி ஓரமாக வைத்துவிட்டுப் பேசுகிறீர்கள். நான் விற்ற பக்கம், என் பக்கத்தையும் கேளுங்கள்.

அப்பா கட்டிய வீடு. நாங்கள் மூன்று பேர் பங்கு. விளம்பரத்தில் "தரகர்கள் வேண்டாம்" என்று கொட்டை எழுத்தில் போட்டேன். முதல் வாரம் வந்த அழைப்புகளில் முக்கால்வாசி தரகர்கள்தான். ஒருவர் தானே வாங்குவதாகச் சொல்லி மனைவியோடு வந்து எல்லா அறையையும் போட்டோ எடுத்துப் போனார். நான்கு நாளில் அதே போட்டோ வேறொரு தளத்தில், நான் சொன்ன விலைக்கு மேல் எட்டு லட்சம் வைத்து. என் வீட்டுக்கு இரண்டு விலை இருப்பதைப் பார்த்து உண்மையாக வாங்க வந்த ஒருவர், "என்ன மேடம், ஏதாவது வில்லங்கமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். மேலே வைத்து விற்கிற அந்தப் பழக்கத்தை விட்டால்தான் ஓனர்கள் உங்களை வாசலுக்குள் விடுவார்கள்.

கடைசியில் வீடு ஒரு தரகர் கூட்டி வந்த பார்ட்டிக்குத்தான் போனது, அதையும் சொல்லிவிடுகிறேன். முத்தியால்பேட்டைக்காரர். போனிலேயே சொன்னார்: "அம்மா, நான் உங்க ஆள் இல்ல, வாங்கறவங்க ஆளு. எனக்கு அவங்க தர்றாங்க. உங்ககிட்ட கேக்க மாட்டேன், ஆனா விலையைக் குறைக்கச் சொல்லி உங்ககிட்ட மல்லுக்கட்டுவேன்." சிரித்துவிட்டேன். வரும்போது ஒரு தாள் கொண்டுவந்தார். ஒரே பத்தி. இன்ன பார்ட்டியை இன்ன தேதியில் இவர் கூட்டி வந்தார், ஆறு மாதத்துக்குள் இந்தப் பார்ட்டிக்கு விற்றால் அவரிடம் சொல்லாமல் விற்க மாட்டேன், எனக்குச் செலவு எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். போடாமல் இருக்கக் காரணமே இல்லை.

கெடிலக்கரை

அம்மா, மேல வச்சு விக்கறது நான் பண்றதில்ல. ஆனா அந்த ஆறு மாசக் கணக்கு எனக்குத் தோணவே இல்ல. ஓனர்கிட்ட பைசா வாங்காமலே கையெழுத்து மட்டும் வாங்கலாம்னு யாரும் சொல்லித் தரல.

கோர்ட்டுத் திண்ணை

மஞ்சக்குப்பத்தில் ஒரு வழக்கறிஞரிடம் ஜூனியர். சட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்கிறேன்.

முதலில், பலரும் கேட்பது: "ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) புகார் கொடுக்கலாமா?" முடியாது. 2016-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், பதிவு செய்யப்பட்ட திட்டங்களில் உள்ள மனை, அடுக்ககம், கட்டடத்தை விற்கும் ஏஜெண்டுகளைப் பற்றியது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு, எட்டு வீட்டுக்கு மேற்பட்ட குடியிருப்பு போன்றவை. அங்கே பதிவு இல்லாமல் தரகு பார்த்தால் அபராதம் உண்டு. ஒருவர் தன் பழைய தனி வீட்டை விற்பது அந்தக் கணக்கில் வராது. ஆகவே உங்கள் 60 ஆயிரத்துக்கு அந்த வாசலில் நிற்க வேண்டாம்.

இங்கே பேசுவது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம்தான். வாய்ப் பேச்சும் ஒப்பந்தம்தான், ஆனால் பேசியதை நிரூபிக்க வேண்டும். 219-ஆம் பிரிவு முக்கியம்: தனியாகப் பேசிக்கொள்ளாவிட்டால், ஏஜெண்டின் கூலி அவன் எடுத்துக்கொண்ட வேலை முடிந்த பிறகே வரும். எது "வேலை"? ஆளை அறிமுகம் செய்வதா, விலை பேசி முடிப்பதா, பத்திரம் வரை கூடவே நிற்பதா? இதைத் தாளில் எழுதாததால்தான் பாதி வழக்கு. "இவர் அறிமுகம் செய்த வீட்டை வாங்கினால் தரகு உண்டு, பாதி அட்வான்ஸ் அன்று, பாதி பத்திரத்தன்று" என்று எழுதிக்கொண்டால் பேச்சுக்கே இடமில்லை.

தரகரை நடுவில் வெட்டிவிடும் தந்திரம் புதிதல்ல. 1950-லேயே கல்கத்தா வீடு ஒன்றைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஓனர் தரகருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். தரகர் ஆட்களைக் கொண்டுவந்தார். ஓனர் பிறகு அதே ஆட்கள் காட்டிய இன்னொருவர் பெயருக்கு, விலையைக் குறைத்து விற்றார். தரகருக்குத் தரகு உண்டு என்று தீர்ப்பானது. சவுக்குத்தோப்பு ஐயாவின் மச்சான் கதை அப்போதே நடந்திருக்கிறது. ஆனால் அந்தத் தரகர் கையில் கடிதம் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் விஷயத்தில் எழுத்து இல்லை. 70-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு: இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவருக்காகச் செய்த வேலையின் பலனை அவர் அனுபவித்தால் ஈடு கேட்கலாம். வாதம் செய்யலாம், மூன்று வருடம் கெடுவும் இருக்கிறது. ஆனால் 60 ஆயிரத்துக்கு நடக்கிற நடையில் செருப்புத்தான் தேயும். ஒரு நோட்டீஸ் வேண்டுமானால் அனுப்பலாம்.

உப்பலவாடி

வாங்கின ஆளா ஒண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க. கேட்டைத் திறந்து லைட்டைப் போட்டுக் காட்டறதுக்கு ரெண்டு பர்சென்ட்டா? நான் வீடு தேடின எட்டு மாசத்துல பதினாலு வீடு பாத்தேன். ஒம்போது பேர் காட்டினாங்க. அதுல அஞ்சு பேருக்குப் பட்டா யார் பேர்ல இருக்குன்னே தெரியல. ஒருத்தர் காட்டின மனை பாதி ஓடைப் புறம்போக்கு.

ஒரே ஒருத்தருக்கு மட்டும் சந்தோஷமாக் குடுத்தேன். அவரு ஒரு வீட்டைக் காட்டிட்டு, ஓனர் உள்ள காபி போடப் போன நேரத்துல என்னை மாடிப்படிக்குக் கீழ கூட்டிட்டுப் போய்ச் சுவரைக் காட்டினாரு. புதுசா சுண்ணாம்பு அடிச்சிருந்தாங்க, ஆனா இடுப்பளவுல ஒரு கோடு தெரிஞ்சுது. "சார், 2024 டிசம்பர்ல சாத்தனூர் அணையைத் திறந்தப்ப வந்த தண்ணி இது. பெண்ணை பெருகினா இந்தத் தெரு மிதக்கும். விலை படிஞ்சாலும் வாங்காதீங்க"ன்னாரு. அந்த வீடு வித்திருந்தா அவருக்கு முக்கால் லட்சம் வந்திருக்கும். நான் அவர் மூலமாத்தான் வேற வீடு வாங்கணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். வாங்கினேன், குடுத்தேன். எந்த நோட்டுலயும் கையெழுத்து வாங்கல.

சவுக்குத்தோப்பு

உப்பலவாடி சார், அவரு பண்ணினதுக்குக் கும்பிடு. ஆனா நோட்டு இல்லாமலே குடுக்க உங்களுக்கு மனசு இருந்துச்சு. எல்லாருக்கும் இருக்கா?

நீங்க சொன்னதுல எங்க தொழிலோட சூட்சுமமே இருக்கு. அந்தத் தண்ணிக் கோட்டை அவரால காட்ட முடிஞ்சதே அவரு ஓனர் காசை எதிர்பாக்காததாலதான். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பர்சென்ட் பேசியிருந்தா? கோடு தெரியற இடத்துல முதுகைக் குடுத்து நின்னிருப்பாரு. நானும் அப்படி நின்னிருக்கேன், பொய் சொல்லல. அதனாலதான் ஓனர் தர மாட்டேன்ங்கற வீடு ஒரு வகையில நமக்கு நல்லது. யாருக்கு ஆளுன்னு தீர்மானமாயிடுது. "சார், இவர் எனக்கு ஒண்ணும் தரல. நான் உங்களுக்காகத்தான் வந்திருக்கேன்"னு பார்ட்டிகிட்ட நெஞ்சை நிமித்திச் சொல்லலாம். சொன்ன கையோட சதவீதத்தையும் சொல்லிடணும்.

கோர்ட்டுத் திண்ணை

கூடவே: ஒருவருக்கு ஏஜெண்டாக இருந்துகொண்டு மறுபக்கம் மறைவாக வாங்கினால், அந்தப் பணத்தை முதல் ஆள் தன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். இரண்டு பக்கமும் வாங்குவதானால் இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும்.

அரியாங்குப்பம் பழைய டப்பா

எனக்கு வேற மாதிரி அடி. முதலியார்பேட்டையில ஒரு வீடு. ஓனர் பிரான்ஸ்ல, சாவி சித்தப்பா மகன்கிட்ட. அவரு "அண்ணன்கிட்ட பேசிட்டேன், ரெண்டு பர்சென்ட் உங்களுக்கு உண்டு"ன்னு அடிச்சுச் சொன்னாரு. பார்ட்டியைக் கொண்டு வந்தேன், விலை படிஞ்சுது, ஓனர் ஜூலை லீவுல வந்தாரு. "தம்பி என்ன சொன்னானோ எனக்குத் தெரியாது. அவனுக்கு நான் பவர் எதுவும் குடுக்கல"ன்னாரு. சாவி வச்சிருக்கறவனுக்கும் பவர் வச்சிருக்கறவனுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு ஒண்ணேகால் லட்சம்.

அதுக்கப்புறம் வெளிநாட்டு ஓனர்னா நேரா அவருக்கே வாட்ஸ்அப் போடுவேன். பதில் அவர் நம்பர்லேருந்து வரணும்.

கோர்ட்டுத் திண்ணை

சரியான வழி. அந்த அரட்டையை அழிக்காதீர்கள். போனையே மாற்றினாலும் பழையதைப் பெட்டியில் வையுங்கள். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் காட்ட, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்று இணைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அச்செடுத்து நீட்டினால் எதிர்த்தரப்பு வக்கீல் மகிழ்ச்சி அடைவார்.

பார்ட்டிகளுக்கும் ஒன்று: விற்பவர் வெளிநாட்டு வாசி என்றால், விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போகும்போது பிடிக்கும் 1% வரிப் பிடித்தம் அங்கே பொருந்தாது. பிடித்தம் வேறு, அதிகம். ஆடிட்டரைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கெடிலக்கரை

எதுக்குப் பர்சென்ட்? பேசின விலைக்கா, பத்திர விலைக்கா? என் கதையிலயே பத்திரம் 38தான். நாளைக்குப் பார்ட்டி "பத்திரத்துல பாருங்க, 38 ஆயிரம்தான்"னு சொன்னா?

சவுக்குத்தோப்பு

சொல்லுவாங்க. சொல்லியிருக்காங்க. அதனால நான் சதவீதம் எழுதறதையே விட்டுட்டேன். வீட்டைக் காட்டறதுக்கு முன்னாடியே தொகையா எழுதிடுவேன். "முடிஞ்சா 50 ஆயிரம்." விலை ஏறினாலும் இறங்கினாலும் 50தான். பார்ட்டிக்கும் நிம்மதி. நான் விலையை ஏத்தி விட்டு என் கமிஷனைக் கூட்டிக்கறேன்னு சந்தேகம் வராது. உள்ளதைச் சொன்னா, விலையை இறக்கிப் பேசற பார்ட்டியோட ஆளுக்குச் சதவீதத்துல கூலின்னா அது கேலிக்கூத்து. அடிச்சுப் பேசி அஞ்சு லட்சம் குறைச்சா நம்ம காசு அஞ்சாயிரம் குறையும்!

உப்பலவாடி

இது ஞாயம். இந்தக் கணக்கை எந்தத் தரகரும் என்கிட்ட சொன்னதில்ல.

லாஸ்பேட்டை வீட்டம்மா

விற்பவர்களுக்கு என் ஆடிட்டர் சொன்னது: விற்கும் பக்கம் தரகு கொடுத்திருந்தால், மூலதன ஆதாயக் கணக்கில் அதைச் செலவாகக் கழிக்கலாம். ஆனால் ரசீது வேண்டும், வங்கி வழியாகப் போயிருக்க வேண்டும். தரகர்கள் ரசீது கொடுக்கத் தயாராக இருந்தால் என் போன்றவர்களிடம் ஒரு பர்சென்ட் கேட்கும்போது முகம் இவ்வளவு கடுகடுப்பாக இருக்காது. கையில் கொடு, கணக்கில் வேண்டாம் என்கிறவர்கள்தான் அதிகம்.

பேட்டைத் துரை

இவ்வளவு எதுக்கு? ஓனர்கிட்ட அம்பதாயிரம் அட்வான்ஸ் போட்டு உங்க பேர்லயே அக்ரிமெண்ட் போட்டுக்கோங்க. அப்புறம் யாருக்கு வித்தா என்ன, நீங்கதான் ராஜா.

கோர்ட்டுத் திண்ணை

துரை, தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்த காலம் போய்விட்டது. பதிவு செய்தால் அது வில்லங்கத்தில் ஏறும், பார்ட்டி இல்லாமல் போனால் அட்வான்ஸும் மாட்டும். அதோடு நீங்கள் தரகர் இல்லை, வாங்குபவர் ஆகிவிடுகிறீர்கள். புரோக்கரே வேண்டாம் என்ற ஓனர் இதற்கு ஏன் சம்மதிக்கிறார்?

சவுக்குத்தோப்பு

துரை, அது பணம் இருக்கறவன் ஆடற ஆட்டம். டீக்கடை பெஞ்சுல உக்காந்திருக்கற பையனுக்குச் சொல்லித் தராத.

கெடிலக்கரை, பழசைப் பத்தி ஒரு யோசனை. நோட்டீஸ் வேண்டாம். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அந்த நெய்வேலி சார் வீட்டுக்குப் போ. வெத்தலை பாக்கு, பழம் வாங்கிட்டுப் போ. "சார், எனக்கு ஓனர் ஒண்ணும் தரல, நீங்களும் தரல, நான் கேக்காதது என் தப்பு"ன்னு மட்டும் சொல்லு. தொகையைச் சொல்லாத. சண்டை போட்டா ஒண்ணும் வராது. அந்தம்மா காபி குடுத்த கை, வெறுங்கையா அனுப்பாது.

கெடிலக்கரை

போய்ட்டு வந்தேன். நீங்க சொன்ன மாதிரியே ஞாயித்துக்கிழமை. சாருக்கு நிஜமாவே தெரியல. "ஓனர் உனக்கு ஒரு லட்சம் குடுத்துட்டதா சொன்னாரேப்பா"ன்னாரு! அதைக் கேட்டு எனக்குத் தலை சுத்திடுச்சு. கமிஷனை மிச்சம் பிடிச்சுத் தர்றேன், நேரா வாங்கன்னு அழைச்சதும் ஓனர்தானாம். அந்த ஈசானிய மூலை விஷயம் உண்மைதான், கக்கூஸை இடிச்சு மாத்திட்டாங்க. கொத்தனார் கூலியே எக்கச்சக்கமாம்.

உள்ள போய் 15 ஆயிரம் எடுத்துட்டு வந்து தட்டுல வச்சுக் குடுத்தாங்க. வாங்கிக்கிட்டேன். அவங்க கொழுந்தியாளுக்குப் பாதிரிக்குப்பம் பக்கம் வீடு வேணுமாம், பாக்கச் சொல்லியிருக்காங்க.

நேத்து அந்தக் கொழுந்தியாளுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். சரியான்னு பாருங்க: "வணக்கம் அம்மா. நாளைக் காலை 10 மணிக்குப் பாதிரிக்குப்பத்தில் நேரடி ஓனர் வீடு ஒன்றைக் காட்டுகிறேன். ஓனர் எனக்குத் தரகு தரமாட்டார். நான் உங்கள் சார்பில் வருகிறேன். நீங்களோ உங்கள் குடும்பத்தாரோ இந்த வீட்டை வாங்கினால் தரகு 40,000 ரூபாய், பாதி அட்வான்ஸ் அன்று, பாதி பத்திரத்தன்று. சம்மதமா?" பதிலுக்குக் கட்டைவிரல் படம் மட்டும் வந்திருக்கு. அது போதுமா?

கோர்ட்டுத் திண்ணை

போதும் என்று நானே வாதாடுவேன், போதாது என்றும் நானே வாதாடுவேன். "சம்மதம்" என்று எழுதச் சொல்லுங்கள்.

சவுக்குத்தோப்பு

ஓனருக்கும் ஒரு வரி அனுப்பு. இந்தப் பார்ட்டி பேரு, தேதி, ஆறு மாசம். அவர் அம்பது பேருகிட்ட பேசியிருப்பாரு, யார் முதல்ல கூட்டிட்டு வந்தாங்கன்னு நாளைக்கு அவருக்கே மறந்துடும்.

கெடிலக்கரை

ஓனர் "ஓகே தம்பி, ஆனா நான் குடுக்க மாட்டேன் ஞாபகம் வச்சுக்க"ன்னு போட்டிருக்காரு. அந்தம்மாகிட்டேருந்தும் "சம்மதம், மழை வந்தா தண்ணி நிக்குமான்னு கேட்டு வை"ன்னு வந்துடுச்சு. எட்டு மணிக்கே போய் அக்கம்பக்கத்துல விசாரிச்சுட்டு, சுவத்தையும் ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறேன்.